தாலியோடு பிரஜாவுரிமை வருவதில்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

உங்கள் பத்திரிகையின் மணமகள் தேவை பகுதியில் ‘கனடா சிட்டிசன்’, ‘லண்டன் பி.ஆர்.’ (நிரந்தர வதிவிட உரிமை) என்று கண்டவுடனேயே, மாப்பிள்ளை என்ன வேலை, எப்படிப்பட்ட ஆள் என்று விசாரிக்காமல் சாதகத்தைத் தூக்கிக்கொண்டு ஓடுகிற பெற்றோர் இங்கே வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் நிறையப் பேர். கலியாணம் முடிந்த கையோடு பெண்ணுக்கும் பிரஜாவுரிமை கிடைத்துவிடும் என்று தரகர் சொல்வார், இவர்களும் நம்பிவிடுவார்கள். அது உண்மையே இல்லை.

சரி, கனடாவையே எடுப்போம். கணவர் ஸ்பொன்சர் செய்தால் பெண்ணுக்குக் கிடைப்பது பி.ஆர். மட்டும்தான். பிரஜாவுரிமைக்கு விண்ணப்பிக்க, அதற்கு முந்திய ஐந்து வருடங்களுக்குள் 1,095 நாட்கள் அவள் அந்த நாட்டில் இருந்திருக்க வேண்டும், கணவர் சிட்டிசன் என்பதற்காக அதில் ஒரு நாளும் குறைக்க மாட்டார்கள். பிரித்தானியாவில் இன்னும் இறுக்கம். 2024 ஏப்ரலுக்குப் பிறகு புதிதாக விண்ணப்பிப்பவர்களுக்கு, ஸ்பொன்சர் செய்பவரின் வருமானம் பொதுவாக ஆண்டுக்கு 29,000 பவுண் இருக்க வேண்டும், பெண் ஆங்கிலப் பரீட்சை எழுத வேண்டும், அப்புறம் ஐந்து வருடம் துணைவர் விசாவில் இருந்த பிறகுதான் நிரந்தரமாகத் தங்கும் உரிமைக்கே போகலாம். சுவிஸில் பிரஜையை மணந்தவருக்கு இலகுவான வழி ஒன்று இருக்கிறது, ஆனால் அதற்கும் மூன்று வருட மணவாழ்க்கையும் மொத்தமாக ஐந்து வருட வதிவிடமும் கேட்கிறார்கள். மாப்பிள்ளையிடம் வதிவிட அனுமதி அட்டை மட்டும் இருந்தால் அந்த வழியும் கிடையாது, இதைப் பெண் வீட்டார் கேட்பதேயில்லை.

எனக்கு மனம் பொறுக்காத விஷயம் வேறு. அந்த வருடங்களில் புருஷன் எவ்வளவு அடித்தாலும் பெண் பேசாமல் இருக்கிறாள், ஏனென்றால் ‘வாயைத் திறந்தால் கொழும்புக்கே திருப்பி அனுப்பிப் போடுவன்’ என்று புருஷனும் மாமியாரும் மிரட்டுகிறார்கள், இங்கே தாய் தகப்பனும் ‘பாஸ்போர்ட் கைக்கு வரும்வரைக்கும் பொறுத்துக்கொள் பிள்ளை’ என்கிறார்கள். தயவுசெய்து அப்படிச் சொல்லாதீர்கள். கனடாவில் ஸ்பொன்சரில் வந்த சிலர் இரண்டு வருடம் துணையோடு சேர்ந்து வாழ்ந்தே ஆக வேண்டும் என்ற நிபந்தனை 2012 முதல் இருந்தது, அதை 2017 ஏப்ரலில் எடுத்துவிட்டார்கள். உண்மையான கலியாணமாக இருந்தால், பி.ஆர். கிடைத்த பெண் பிரிந்து வந்தாலும் அது பறிபோகாது. அவளை மூன்று வருடம் பராமரிப்பதாகக் கணவர் கொடுத்த உறுதிமொழியும் விவாகரத்தால் இல்லாமல் போகாது. பிரித்தானியாவில் பிரஜையின் அல்லது நிரந்தர உரிமை உள்ளவரின் துணையாக வந்து, வன்முறையால் குடும்பம் முறிந்த பெண், கணவரின் கையெழுத்து இல்லாமல் தானே நிரந்தர உரிமைக்கு விண்ணப்பிக்கலாம். இது தெரியாமல் எத்தனை பிள்ளைகள் அடி வாங்கிக்கொண்டு இருக்கிறார்களோ.

இங்கத்தைய பக்கத்தையும் சொல்ல வேண்டும். வேறொரு நாட்டின் பிரஜாவுரிமையை விரும்பி எடுத்தால் எங்கள் சட்டப்படி இலங்கைப் பிரஜாவுரிமை போய்விடும். இரட்டைப் பிரஜாவுரிமைக்குத் தனியாக விண்ணப்பித்தால்தான் அதை வைத்திருக்கலாம். 2014 காணிச் சட்டத்துக்குப் பிறகு வெளிநாட்டவர் இங்கே காணி வாங்குவதற்குத் தடை இருப்பதால், பின்னால் ஊரில் ஒரு துண்டுக் காணி வாங்க நினைக்கும்போதுதான் பலர் முழிக்கிறார்கள். அங்கே பிறக்கும் பிள்ளையின் பிறப்பை ஒரு வருடத்துக்குள் இலங்கைத் தூதரகத்தில் பதிந்துவிடுங்கள், பிந்தினால் தண்டப்பணம். முன்பு தகப்பன் வழியாக மட்டும் கிடைத்த வம்சாவழிப் பிரஜாவுரிமை 2003 திருத்தத்துக்குப் பிறகு தாய் வழியாகவும் கிடைக்கிறது, அதனால் இந்தப் பதிவைப் பெண்ணே செய்யலாம்.

ஆசிரியரிடம் இரண்டு வேண்டுகோள். விளம்பரம் எடுக்கும்போது பிரஜையா, நிரந்தர வதிவிடமா, தற்காலிக விசாவா, அகதி விண்ணப்பம் நிலுவையிலா என்று கட்டாயம் எழுதச் சொல்லுங்கள். அதே பக்கத்தில் வாரம் ஒரு நாட்டின் விதிகளைக் குடிவரவுச் சட்டத்தரணி ஒருவரைக் கொண்டு தமிழில் எழுதுவியுங்கள், பெண்ணைப் பெற்றவர்கள் எப்படியும் அந்தப் பக்கத்தைப் புரட்டுவார்கள்.

வாசகி,
வெள்ளவத்தை, கொழும்பு 6