என் மகனுக்கான சொல்லைத் தந்தவர்களுக்கு

அன்புடையீர்,

வணக்கம். இருபத்தொன்பது ஆண்டுகள் தமிழாசிரியையாகப் பணியாற்றி ஓய்வு பெற்றவள் நான். புணர்ச்சி விதிகளையும் அகத்துறைகளையும் பிழையறச் சொல்லிக்கொடுத்த எனக்கு, சொந்த மகன் சமையற்கட்டு வாசற்படியில் உட்கார்ந்து, "அம்மா, நான் கல்யாணம் வேண்டாம்னு சொல்றது வேலைக்காக இல்ல, எனக்கு அவனத்தான் பிடிச்சிருக்கு" என்று சொன்ன மாலையில், திருப்பிச் சொல்ல ஒரு சொல் கிடைக்கவில்லை. கையிலிருந்த புளியைச் சக்கை மட்டும் மிஞ்சிய பிறகும் கரைத்துக்கொண்டே இருந்தேன். இது நடந்து இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. இடைப்பட்ட காலத்தில் எங்கள் குடும்பம் சிதறாமல் காத்தவர்களுக்கு இம்மடலை எழுதுகிறேன். பிள்ளைகள் இருவருக்கும் இடைஞ்சல் நேரக்கூடாது என்பதால் பெயர்களைத் தவிர்த்திருக்கிறேன். உரியவர்கள் பொறுத்தருள வேண்டும்.

அவன் யாரென்று எனக்கு நன்றாகத் தெரியும். கோவையில் கல்லூரி விடுதியில் மகனோடு ஒரே அறையில் தங்கிப் படித்தவன். பொங்கல் விடுமுறைக்கு எங்கள் வீட்டுக்கு வந்து, என் மாமியாருக்கு வெற்றிலை இடித்துக்கொடுத்தவன். என் கையால் பரிமாறிய பிள்ளை என்பதாலேயே, ஏமாற்றப்பட்டதாக எண்ணி இன்னும் அதிகம் கொதித்தேன்.

மறுவாரமே மகனை ஒரு மருத்துவரிடம் அழைத்துச் சென்றேன் என்பதை மறைக்க விரும்பவில்லை. ஆறே மாதத்தில் மாற்றிவிடலாம் என்று அவர் எழுதிக்கொடுத்த மாத்திரைகளை, என் மனம் நோகக்கூடாதென்று அவன் மூன்று வாரம் விழுங்கினான். பகலிலும் தூங்கினான், பல் துலக்கப் போனவன் குழாயைத் திறந்துவிட்டு அப்படியே நின்றுகொண்டிருப்பான். பயந்துபோய்த் தஞ்சாவூரில் வேறொரு மனநல மருத்துவரைப் பார்த்தோம். அந்த அம்மையாருக்குத்தான் என் முதல் நன்றி. உலகச் சுகாதார நிறுவனம் 1990-லேயே இதை நோய்ப் பட்டியலிலிருந்து நீக்கிவிட்டதையும், இந்திய மனநல மருத்துவர் சங்கம் 2018-இல் இது நோயன்று என்று அறிவித்ததையும், மாற்றுவதாகச் சொல்லிச் செய்யும் மருத்துவத்தைச் சென்னை உயர் நீதிமன்றம் 2021-இல் தடை செய்ததையும் பொறுமையாக விளக்கினார். பிறகு மகனை வெளியே இருக்கச் சொல்லிவிட்டு, "தூக்கம் வராதது யாருக்கும்மா, அவனுக்கா, உங்களுக்கா?" என்று கேட்டார். எனக்குத்தான்.

அவர் சொல்லித்தான் அந்தத் தீர்ப்பைப் பற்றித் தேடிப் படித்தேன். மதுரையிலிருந்து சென்னைக்கு வந்து பாதுகாப்புக் கேட்ட இரண்டு இளம்பெண்களின் வழக்கு அது. நீதியரசர் என். ஆனந்த் வெங்கடேஷ், இப்பொருளில் தமக்கே போதிய புரிதல் இல்லை என்று ஒப்புக்கொண்டு, உளவியலாளர் ஒருவரிடம் அமர்ந்து கற்றுக்கொண்ட பிறகே தீர்ப்பெழுதினார் என்று அறிந்தபோது, வாழ்நாளெல்லாம் கற்பித்தே பழகிய எனக்கு நாணமாக இருந்தது. அப்பெண்களின் பெற்றோரையும் அவர் ஒதுக்கிவிடாமல் ஆலோசனைக்கு அனுப்பினார். அவருக்கு நன்றி சொல்லும் தகுதி எனக்கு உண்டா என்று தெரியவில்லை, ஆயினும் சொல்கிறேன். 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் இத்தகையோரின் திருமணத்தை ஏற்க மறுத்துவிட்டதால் என் கவலை முற்றும் தீர்ந்துவிடவில்லை. குடும்பம் அமைக்கத் திருமணம் ஒன்றே வழியன்று என்று சென்னை உயர் நீதிமன்றம் 2025 மே மாதம் கூறியதை மட்டும் நாட்குறிப்பில் எழுதி வைத்திருக்கிறேன்.

எனக்குக் கிடைக்காதிருந்த சொல்லைத் தந்தவர், மருத்துவர் வழியாகத் தொலைபேசியில் அறிமுகமான சென்னைத் தாய் ஒருவர். "என் பையனும் தன்பாலீர்ப்பு உள்ளவன்தாங்க" என்று, பையனுக்கு ரயில்வேயில் வேலை என்பதைப் போல இயல்பாகச் சொன்னார். அதுவரை நான் அறிந்திருந்தவையெல்லாம் வசைச்சொற்கள். வகுப்பறையில் மாணவர்கள் ஒருவனைச் சுற்றி நின்று சொல்லச் சொல்லக் கேளாதவள் போல் கரும்பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டவை. அந்த மாணவன் இன்று எங்கிருக்கிறானோ. அன்றிரவு அச்சொல்லைத் தாளில் எழுதித் தன், பால், ஈர்ப்பு என்று பிரித்துப் பார்த்தேன். ஒரு துளிப் பழியும் அதில் இல்லை.

அந்தப் பிள்ளையின் வீட்டில் கதவு இன்னும் திறக்கவில்லை. தன் கணவருக்குத் தெரிந்தும் துணிந்து அவனைப் பார்க்க வரும் அவனுடைய அக்காவுக்கு நன்றி. வாடகைக்கு வந்த இருவரிடம் வேலையையும் முன்பணத்தையும் தவிர வேறொன்றும் கேட்காத வேளச்சேரி வீட்டுக்காரருக்கும் நன்றி. எண்பத்து நான்கு வயதாகும் என் மாமியாருக்கு எப்படிச் சொல்வதென்று நாங்கள் நடுங்கிக்கொண்டிருக்க, அவரோ எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "வெத்தல இடிக்கிற புள்ளதானே? இந்த வருசம் பொங்கலுக்கு ஏன் வரல?" என்றார்.

என் கணவர் ஏறக்குறைய ஓராண்டு மகனோடு பேசவில்லை. சென்ற தீபாவளிக்கு முன்தினம், கடைத்தெருவிலிருந்து வந்தவர் ஒரு பையை ஊஞ்சற்பலகையில் வைத்துவிட்டுக் கொல்லைப்புறம் போய்விட்டார். உள்ளே ஒரே கரையில் இரண்டு வேட்டிகளும், வெவ்வேறு அளவில் இரண்டு சட்டைகளும் இருந்தன. அடியில் ஒரு பழைய நீலச் சட்டை. அந்தப் பிள்ளை முன்பொரு பொங்கலில் எங்கள் வீட்டுக் கொடியில் மறந்துவிட்டுப் போனது. அளவுக்காக எடுத்துச் சென்றிருக்கிறார். இத்தனை நாளும் அதை எங்கே வைத்திருந்தார் என்று நான் கேட்கவில்லை.

நன்றியுடன்,
ஒரு தாய்
கும்பகோணம்