ஆண்டறிக்கை 2024–25: கல்லாவில் ஒரு கை, போனில் ஒரு கை

தலைவர் அவர்களுக்கும், நிர்வாகக் குழுவினருக்கும், கொடைக்கானல் கடைக்கார நண்பர்கள் அனைவருக்கும் வணக்கம்.

நிர்வாகக் குழு மாதம் ஒருமுறை கூடியது. சாக்கடைக்கும் தெருவிளக்குக்கும் கொடுத்த மனுக்கள் கொடுத்த இடத்திலேயே பத்திரமாக இருக்கின்றன. வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார்.

இந்த ஆண்டை இ-பாஸை, அதாவது வண்டியில் மலையேறுபவர்கள் ஆன்லைனில் எடுக்க வேண்டிய அனுமதிச் சீட்டை, விட்டுவிட்டுப் பேச முடியாது. உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே 7 முதல் நமக்கும் நீலகிரிக்கும் இ-பாஸ் வந்தது. 2025 ஏப்ரல் முதல் ஜூன் வரை கொடைக்கானலுக்கு வார நாளில் 4,000 வண்டி, வார இறுதியில் 6,000 வண்டி என்று அளவும் வைத்துவிட்டார்கள். இது சரியா தவறா என்று இரண்டு கூட்டங்களில் தொண்டை வற்றப் பேசியாயிற்று. ஒரு விஷயத்தில் மட்டும் எல்லோரும் ஒத்துப்போனோம்: ஒருமுறை வந்து வாங்கியவர் ஊருக்குப் போன பிறகும் நம்மிடமே வாங்க வேண்டும். அதற்குப் போன்தான் வழி. ஆனால் கடைக்கு ஒரே ஆள். எடை, பொட்டலம், கல்லா எல்லாம் அவரே. நேரத்துக்கு எங்கே போவது?

முதலில் என் கதை. கடையில் சாக்லேட் ஊற்றுவதை மகன் ரீல்ஸ் எடுத்தான். ஒரு ஞாயிறு மதியம் முழுக்க அதற்கே போனது. ஏகப்பட்ட பேர் பார்த்தார்கள். சேலம், ஓசூர் என்று எங்கிருந்தெல்லாமோ விலை கேட்டார்கள். மே மாதக் கூட்ட நெரிசலில் யார் பதில் போடுவது? பத்து நாள் கழித்துத் திறந்து பார்த்தால், கடைசியாக ஒருவர் “கடையை மூடிட்டீங்களா?” என்று கேட்டிருந்தார். ஒரு பெட்டிகூட விற்கவில்லை.

அதே சீசனில் ஏரிச்சாலை அக்கா ஒருவர், பிளம்ஸ் பெட்டியைக் காலை ஏழரைக்குப் படமெடுத்து வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் வைத்தார். “இன்னைக்குப் பறிச்சது, நாலு பெட்டிதான்” என்று கீழே ஒரு வரி. மதியத்துக்குள் நாலும் பஸ் ஏறிவிட்டன. ஸ்டேட்டஸ் 24 மணி நேரத்தில் மறைந்துவிடுவதும் நல்லதுதான். போன வார விலையைக் காட்டி யாரும் சண்டைக்கு வர முடியாது.

அந்த அக்காவையே வைத்து செப்டம்பரில் வகுப்பு நடத்தினோம். முதல் வேலையாக ஒவ்வொருவரும் கூகுள் மேப்பில் தன் கடையைத் தேடினோம். என் கடை இரண்டு வளைவு தள்ளி ஒரு வீட்டு வாசலில் இருந்தது! அந்த வீட்டம்மா இவ்வளவு நாளும் வந்தவர்களுக்கெல்லாம் வழி சொல்லி அனுப்பியிருக்கிறார். பொங்கலுக்கு ஒரு கிலோ சாக்லேட் கொடுத்துவிட்டு வந்தேன். இடத்தையும் கடை நேரத்தையும் திருத்தக் காசு கேட்பதில்லை.

அப்புறம் வாட்ஸ்அப் பிசினஸ், கடைக்காரர்களுக்கான வாட்ஸ்அப். பொருளும் விலையும் அதிலுள்ள கேட்டலாக் என்ற பொருள் பட்டியலில் ஒருமுறை ஏற்றிவிட்டால் போதும். “கூரியர் உண்டா?”, “வெயிலில் உருகாதா?” போன்ற தினசரிக் கேள்விகளுக்குப் பதிலை முன்பே எழுதி வைத்துக்கொண்டால், சாய்கோடு (/) ஒன்றைத் தட்டியதும் வந்து நிற்கும். ஒரே செய்தியைப் பலருக்கும் தனித்தனியாக அனுப்பும் பிராட்காஸ்ட் பட்டியல் ஒன்றில் 256 பேரைச் சேர்க்கலாம். ஆனால் நம் நம்பரைப் பதிந்து வைத்தவருக்குத்தான் செய்தி போகும். ஆகவே பில் போடும்போதே “நம்பரைப் பதிஞ்சுக்கோங்க” என்று கேட்டுவிடுங்கள். இதில் கூச்சம் வேண்டாம்.

பூம்பாறைப் பூண்டு விற்கும் அண்ணன் ஒருவர், பூண்டைத் தண்டோடு கட்டித் தொங்கவிட்ட படத்தைக் கேட்டலாக்கில் வைத்து, 2019-இல் கொடைக்கானல் மலைப்பூண்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்ததையும் எழுதினார். இப்போது “இது நிஜ மலைப்பூண்டா?” என்று யாரும் கேட்பதில்லையாம்.

படத்தைக் காலையில், பனிமூட்டம் இறங்குவதற்குள், கடை வாசலில் எடுங்கள். டியூப்லைட் வெளிச்சத்தில் சாக்லேட் சாம்பல் பூத்த மாதிரி தெரிகிறது. ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் பதிவுகளை ஆளில்லாத செவ்வாய் மதியம் ஒரு மணி நேரம் உட்கார்ந்து, வாரம் முழுதுக்கும் நாள் குறித்து வைத்துவிடலாம். அதற்கு மேல் நேரம் கொடுப்பது வியாபாரத்துக்குக் கேடு என்பது என் கருத்து. தலைவருக்கு இதில் உடன்பாடில்லை.

மாதக் கட்டணத்துக்கு ஃபாலோயர் சேர்த்துத் தருவதாக வந்தவர்களிடம் ஓர் உறுப்பினர் பணம் கட்டினார். ஆயிரக்கணக்கில் சேர்ந்தார்கள், ஒருவருக்கும் தமிழ் தெரியாது. சங்கப் பணம் இதற்குப் போகாது என்று தீர்மானம் போட்டிருக்கிறோம்.

மேப்பில் கடை இன்னும் தப்பான இடத்தில் இருக்கும் மூஞ்சிக்கல் உறுப்பினர்கள், டீ இடைவேளையில் போனோடு என்னிடம் வரவும். சார்ஜ் போட்டுக்கொண்டு வரவும்.

இப்படிக்கு,
செயலாளர்