பலெர்மோவிலிருந்து சித்தப்பாவுக்கு

பலெர்மோ, சிசிலி

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

இங்கே எல்லாரும் நலம். அங்கே வாடை எழும்பி வடகடல் கலங்கியிருக்கும், வத்தையை மேட்டில் ஏற்றியிருப்பீர்கள்.

"மாஃபியா ஊருங்கிறாங்க, அங்க எவனும் எதிர்த்து நிக்கலையா?" என்று போனில் கேட்டீர்கள். நின்றவர்கள் நிறையப் பேர். சங்கத்திலிருந்து அரசியலுக்கு வந்த ஒருத்தரைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். நம் சங்கத்தில் வாசித்துக் காட்டுங்கள்.

பேர் பியோ லா தோரே. 1927-ல் பலெர்மோ ஓரத்தில் விவசாயக் கூலி வீட்டில் பிறந்தவர். அந்தக் காலத்தில் நிலமெல்லாம் பண்ணையார்கள் கையில், பண்ணையைக் காவல் காத்ததும் குத்தகை பிரித்ததும் மாஃபியா ஆட்கள். கொர்லியோனே என்ற ஊரில் விவசாயிகள் சங்கத் தலைவராக இருந்த பிளாசிதோ ரிட்சொத்தோவை 1948-ல் கொன்று மலைப் பிளவுக்குள் போட்டார்கள். அங்கே கிடைத்த எலும்பு அவருடையதுதான் என்று உறுதியானதே 2012-ல். அவர் விட்ட வேலையை எடுத்துச் செய்யப் போனவர்தான் லா தோரே. 1950-ல் பிசக்வினோவில் கூலிகளோடு பண்ணை நிலத்தில் இறங்கினார், ஒன்றரை வருஷம் ஜெயில். 1972-ல் கம்யூனிஸ்ட் கட்சி எம்.பி.

எம்.பி. ஆனபின் அவர் செய்த ஒரு காரியம்தான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. அதுவரை போலீஸ் கொலையைத்தான் துப்புத் துலக்கும். சாட்சி வாய் திறக்காது, ஆள் வெளியே வந்துவிடுவான். 1980-ல் இவர் கொண்டுவந்த மசோதாவில் இரண்டு கொக்கி. மூன்று பேரோ அதற்கு மேலோ கூட்டுச் சேர்ந்து, ஊருக்கு அவர்கள் மேல் இருக்கும் பயத்தையே முதலாக வைத்துப் பிழைத்தால், அந்தக் கூட்டத்தில் இருப்பதே குற்றம். இது ஒன்று. மற்றது சொத்து. காட்டுகிற வருமானத்துக்கும் கையில் உள்ள சொத்துக்கும் ஒட்டவில்லையென்றால் கோர்ட் முதலில் முடக்கும். நேர்வழியில் வந்தது என்று காட்ட முடியாவிட்டால் அரசு எடுத்துக்கொள்ளும். பெண்டாட்டி பேரில் எழுதினாலும் பினாமி பேரில் எழுதினாலும் தோண்டுவார்கள், பேங்க் கணக்கு உட்பட.

நம்மூர் கடல் அட்டையை நினைத்துப் பாருங்கள். வனவிலங்குச் சட்டப்படி 2001-லிருந்து அதைப் பிடிக்கத் தடை. பிடிபடுவது யார்? வத்தையில் இருந்தவனும், கருவேலங்காட்டுக்குள் அடுப்பு மூட்டி அவித்துக்கொண்டிருந்தவனும். மூட்டை போகும், வத்தை போகும், கூலிக்காரன் ஜெயிலுக்குப் போவான். பணம் போட்டவன் பேர் எஃப்.ஐ.ஆரில் ஏறாது. அடுத்த வாரம் வேறு வத்தை, வேறு பையன்.

மசோதா தூங்கியது. 1981-ல் லா தோரே சிசிலிக்கே திரும்பி வந்தார், கொமீசோவில் அமெரிக்க ஏவுகணைத் தளம் வருவதை எதிர்த்துக் கையெழுத்து இயக்கம் நடத்தினார். 1982 ஏப்ரல் 30 காலை, கட்சி அலுவலகம் போகிற வழியில் காரை மறித்துச் சுட்டார்கள். கூட இருந்த ரொசாரியோ தி சால்வோவும் போனார். செப்டம்பர் 3-ல் பலெர்மோவின் அரசு நிர்வாகத் தலைவராக வந்திருந்த தல்லா கியேசாவையும் கொன்றார்கள். அதற்கப்புறம் பத்தே நாளில், செப்டம்பர் 13-ல், சட்டம் நிறைவேறியது. பிணம் விழுந்தால்தான் ஃபைல் நகரும் என்பது நம்மூர் வழக்கம் மட்டுமில்லை போல.

இந்தச் சட்டத்தில் மாஃபியாவிடமிருந்து பறித்த நிலம் சும்மா கிடந்தால் யாருக்கு லாபம்? பத்து லட்சம் பேர் கையெழுத்துப் போட்டு, 1996-ல் அதை ஊர்ப் பொதுவுக்கே கொடுக்கும் சட்டம் வந்தது. ரிட்சொத்தோ பேரில் கூட்டுறவுச் சங்கமே இருக்கிறது, கோதுமையும் திராட்சையும் போடுகிறார்கள். ஆரம்பத்தில் அறுவடை மெஷினை வாடகைக்குத் தர ஆள் இல்லை, அவ்வளவு பயம். இன்றைக்கும் சிக்கல் தீரவில்லை. கேஸ் வருஷக்கணக்கில் இழுக்கும், அதற்குள் தோட்டம் காய்ந்துவிடும். வீட்டின் மேல் பேங்க் கடன் இருக்கும், பழைய குடும்பம் காலி செய்யாது. கம்பெனியைப் பறித்தால் இன்னும் மோசம். பயத்துக்காக வாங்கினவன் வாங்க மாட்டான், கூலியைச் சட்டப்படி கொடுத்தால் செலவு ஏறும், பேங்க் கடனைத் திருப்பிக் கேட்கும், கடைசியில் இழுத்து மூட வேண்டியதுதான். அப்போது வேலை போனவன் "மாஃபியா இருந்தப்ப சோறாவது கிடைச்சது" என்பான். அந்தப் பேச்சுக்குத்தான் இவர்கள் அதிகம் பயப்படுகிறார்கள்.

கடைக்காரர்களிடம் மாமூல் கேட்கும் விதம் தனி. காலையில் ஷட்டர் பூட்டில் சாவி நுழையாது, உள்ளே ஃபெவிக்விக் மாதிரிப் பசை. அடிதடி கிடையாது. யாரோ ஒருத்தர் மரியாதையாக வந்து, சரிபண்ணிக்கொள்ளச் சொல்வார். கிறிஸ்துமஸ், ஈஸ்டர், ஆகஸ்ட் நடுவில் வரும் பண்டிகை என்று தவணை. தனியாகப் புகார் கொடுத்த கடைக்காரர்தான் மாட்டுவார். 2016-ல் மக்வேதா தெருவில் வங்காளதேசக் கடைக்காரர்கள் பல பேர் சேர்ந்து கொடுத்தார்கள், பத்துப் பேரைப் போலீஸ் தூக்கியது.

சங்கத்தில் அடுத்த மனு எழுதும்போது ஒரு வரி சேருங்கள் சித்தப்பா. சட்டவிரோதப் பணப் பரிமாற்றத் தடுப்புச் சட்டத்தின் பட்டியலில் வனவிலங்குக் குற்றமும் இருக்கிறது. அட்டை கேஸில் பணம் போட்டவனின் சொத்தைப் பார்த்தீர்களா என்று கேளுங்கள். தனிப்பேரில் வேண்டாம், சங்க லெட்டர்பேடில், எல்லாரும் கையெழுத்துப் போட்டு.

ஊருக்கு வருகிற ஆளிடம் அந்தக் கூட்டுறவுக் கோதுமையில் செய்த பாஸ்தா இரண்டு பாக்கெட் கொடுத்திருக்கிறேன். பறிமுதல் நிலத்தில் விளைந்தது என்று உறையிலேயே போட்டிருக்கும். சித்தியிடம் சொல்லுங்கள், சேமியா மாதிரி வறுக்க வேண்டாம். கொதிக்கிற தண்ணீரில் உப்புப் போட்டு, லேசாகக் கடிபடும் பதத்தில் வடித்துவிட வேண்டும். நெத்திலி இருந்தால் இன்னும் நல்லது.

அன்புடன்,
உங்கள் அண்ணன் மகன்