கிரீன்லாந்து வண்ணத்துப்பூச்சியும் பாலைவன வெட்டுக்கிளியும்

அன்புள்ள தம்பிக்கு,

வண்ணத்துப்பூச்சியைத் தேவதை என்றும் வெட்டுக்கிளியை அரக்கன் என்றும் எழுதியிருந்தாய். 2020இல் கென்யாவின் வயல்கள் மொட்டையான படங்களைப் பார்த்தவர்களுக்கு அப்படித்தான் தோன்றும். எனக்கு உடன்பாடில்லை.

இரண்டுமே வெயிலை நம்பிப் பிழைப்பவை. கிரீன்லாந்தில் வாழும் கோலியாஸ் ஹெக்லா என்ற வண்ணத்துப்பூச்சியின் இறக்கையை மேலிருந்து பார்த்தால் ஆரஞ்சு. மூடினால் அடிப்பக்கம் மங்கிய பச்சை; மஞ்சள் செதில்களுக்கிடையே கருஞ்செதில்கள் விரவியிருப்பதால் வரும் நிறம் அது. மூடிய இறக்கையைச் சூரியனுக்குக் காட்டி ஒருக்களித்து உட்காரும். கருமை வெப்பத்தை உறிஞ்சும். மார்பு ரோமம் அதை வெளியே விடாது. உடம்பு போதிய அளவு சூடேறினால்தான் பறக்கும்.

பாலைவன வெட்டுக்கிளியும் இரவில் மரஞ்செடிகளில் அடைந்து, காலையில் வெயில் காய்ந்த பிறகே கிளம்புகிறது. மருந்தடிப்பவர்கள் விடிந்ததும் விடியாததுமாக ஓடுவது அதற்காகத்தான்.

அது பிறவியிலேயே கூட்டத்துப் பூச்சியும் அல்ல. தனியாக இருக்கும்வரை ஒன்றையொன்று விலகிப்போகும் சாதுவான பூச்சி. 2018இல் மேகுனு, லுபான் என்று இரண்டு புயல்கள் அரேபியாவின் ரப் அல் காலி மணற்காட்டில் மழை கொட்டின. ஈர மணலில் முட்டைகள் பொரிந்து, ஆள் நடமாட்டமில்லாத அந்த இடத்தில் தலைமுறை தலைமுறையாகப் பெருகின. பசுமை காயும்போது மிச்சமிருக்கும் செடிகளில் எல்லாம் வந்து நெருக்கியடிக்கும். பின்னங்கால் தொடையில் அடுத்த பூச்சி உரச உரச, நரம்பில் செரோடோனின் என்ற, நரம்புகளிடையே செய்தி கடத்தும் வேதிப்பொருள் ஏறுகிறது. சில மணி நேரத்தில் குணம் மாறிக் கூட்டத்தைத் தேடத் தொடங்கிவிடுகிறது. செரோடோனினின் பங்கு 2009இல்தான் தெரியவந்தது. ஒரு சதுர கிலோமீட்டர் கூட்டத்தில் 4 கோடிக்கு மேல் இருக்கலாம். ஒவ்வொன்றும் தினம் தன் எடையளவு, ஏறத்தாழ 2 கிராம், தின்னும். விவசாயியின் இழப்பை நான் சிறிதாக்கவில்லை. பசியும் நெருக்கடியும் உண்டாக்கியதை அரக்க குணம் என்று சொல்லாதே என்கிறேன்.

நீ கவலைப்பட வேண்டியது உன் தேவதையைப் பற்றி. வடகிழக்கு கிரீன்லாந்தின் சாக்கன்பெர்க்கில் 1996 முதல் 2013 வரை பிடித்த ஹெக்லாக்களை அளந்தார்கள். கோடை சூடேற ஏற இறக்கை சிறுத்துக்கொண்டே வந்திருக்கிறது. வெப்பம் கூடினால் புழுவின் உடம்பு சக்தியை வேகமாகச் செலவழிக்கிறது, தின்பது வளர்ச்சிக்குப் போதவில்லை என்பது ஆய்வாளர்கள் கருதும் காரணம். குளிரைச் சமாளிக்கக் கற்ற உடம்புக்குச் சூடு பகையாகிவிட்டது. வெட்டுக்கிளி வந்தால் உலகமே அலறுகிறது. இதற்கு ஒரு குரலும் எழவில்லை. உன் அடுத்த கட்டுரை ஹெக்லாவைப் பற்றியதாக இருக்கட்டும்.

அன்புடன்,
அண்ணன்