பறவை வேஷத்தில் ஒரு மேலாளர்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஒரு ஆபீஸை ஆவணப்படக் குழு படம்பிடிப்பதுபோல எடுத்த 'தி ஆஃபீஸ்' என்ற நகைச்சுவைத் தொலைக்காட்சித் தொடரின் இங்கிலாந்துப் பதிப்பையும் அமெரிக்கப் பதிப்பையும் ஒப்பிட்டுச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். அமெரிக்கப் பதிப்பு கலகலப்பு, இங்கிலாந்துப் பதிப்பு ஒரே வறட்சி, இரண்டு எபிசோடைத் தாண்ட முடியவில்லை என்று எழுதியிருந்தார் கட்டுரையாளர். தாண்ட முடியாததற்கு அவரைக் குறை சொல்ல மாட்டேன். என் மகளும் இதையேதான் சொன்னாள். ஆனால் கதை ஒன்றுதான், நாடுதான் வேறு என்று அவர் முடித்தது எனக்கு ஒப்பவில்லை. முப்பத்தோரு வருடம் ஒரு தனியார் கம்பெனியின் கணக்குப் பிரிவில் உட்கார்ந்து எழுந்தவள் நான். இரண்டையும் முழுசாகப் பார்த்துவிட்டேன். கதையே வேறு.

தொடக்கம் ஒன்றுதான், அதை மறுக்கவில்லை. ரிக்கி கெர்வைஸும் ஸ்டீபன் மெர்ச்சன்ட்டும் எழுதிய மூலத் தொடர் 2001 ஜூலையில் பிபிசி 2-இல் ஆரம்பித்தது. ஸ்லௌ என்ற ஊரில் வெர்னம் ஹாக் என்றொரு காகிதக் கம்பெனி, அதன் கிளை மேலாளர் டேவிட் பிரென்ட். கெர்வைஸே நடித்தார். 2005 மார்ச்சில் கிரெக் டேனியல்ஸ் அதை அமெரிக்காவின் என்பிசி தொலைக்காட்சிக்காக மாற்றியபோது ஊர் பென்சில்வேனியாவின் ஸ்க்ரான்டன் ஆனது, கம்பெனி டண்டர் மிஃப்லின் ஆனது, மேலாளர் மைக்கேல் ஸ்காட்டாக ஸ்டீவ் கரெல் வந்தார். முதல் எபிசோடு கிட்டத்தட்ட வரிக்கு வரி நகல். பக்கத்து மேசைக்காரனின் ஸ்டேப்ளரை ஜெல்லிக்குள் உறையவைக்கும் குறும்பு இரண்டிலும் உண்டு. புதிதாக வந்த பையனிடம் பந்தா காட்டுவதற்காக, ரிசப்ஷனில் இருக்கும் பெண்ணுக்குத் திருட்டுப் பட்டம் கட்டி வேலையை விட்டு அனுப்புவதாக மேலாளர் நடிப்பதும் இரண்டிலும் உண்டு. அவள் அழுதுவிடுவாள். அழுத பிறகு என்ன சொல்கிறாள் என்று கவனியுங்கள். அமெரிக்க பாம் சாதாரணமான ஒரு திட்டோடு நிறுத்திக்கொள்கிறாள். இங்கிலாந்து டான் அச்சில் போட முடியாத ஒரு வார்த்தையைச் சொல்லிவிட்டு, நீ ஒரு பரிதாபமான அற்ப மனுஷன் என்றும் சேர்த்துச் சொல்கிறாள். இங்கிலாந்துத் தொடர் பிறகு செய்வதெல்லாம் அந்த இரண்டாவது வாக்கியத்தை நிரூபிப்பதுதான்.

அமெரிக்கர்களால் அப்படிச் செய்திருக்கவே முடியாது. கணக்குப் போட்டாலே தெரிந்துவிடும். இங்கிலாந்துப் பதிப்பு இரண்டு சீசன், சீசனுக்கு ஆறு எபிசோடு, 2003 கிறிஸ்துமஸுக்கு இரண்டு பாகமாக ஒரு முடிவு, மொத்தம் பதினான்கு. எழுதியவர்களும் இரண்டே பேர். அமெரிக்காவில் 2013 வரை ஒன்பது சீசன், 201 எபிசோடு. பதினான்கு எபிசோடு வரை ஒரு அற்ப மனிதனைச் சகித்துக்கொள்ளலாம். வருடக்கணக்கில் வாரா வாரம் வீட்டுக்குள் கூப்பிட்டு உட்காரவைக்க வேண்டுமென்றால் அவனை நமக்குப் பிடித்தாக வேண்டும். அதனால் இரண்டாவது சீசனில் மைக்கேலுக்கு ஒரு திறமையைக் கொடுத்தார்கள். ஒரு பெரிய ஒப்பந்தத்துக்கான சந்திப்பை அவன் சில்லீஸ் உணவகத்துக்கு மாற்றுவான். மேலிடத்து அதிகாரி ஜேன் பக்கத்தில் தலையில் கை வைத்துக்கொள்ளாத குறையாக உட்கார்ந்திருப்பார். இவன் ஜோக் சொல்வான், பாடுவான், வேலை விஷயத்தை மட்டும் பேசவே மாட்டான். கடைசியில் ஒப்பந்தம் கையில் வந்துவிடும். அவன் உளறுவாயன்தான், ஆனால் சரக்கை விற்கத் தெரிந்த உளறுவாயன். பிரென்ட்டுக்கு இப்படி ஒரு காட்சியைக்கூட எழுதித் தரவில்லை.

அதற்குப் பதிலாக அவருக்கு என்ன கொடுத்தார்கள்? முதல் சீசன் முடிவில் பதவி உயர்வு வருகிறது. அதை ஏற்றால் ஸ்லௌ ஊழியர்கள் பலருக்கு வேலை போகும். ஏற்றுக்கொள்கிறார். மருத்துவப் பரிசோதனையில் ரத்த அழுத்தம் அதிகம் என்று தெரிந்து வாய்ப்பு கைநழுவுகிறது. உடனே ஆபீஸுக்கு வந்து, உங்களுக்காகத்தான் அதை வேண்டாம் என்று சொன்னேன் என்கிறார். இதைப் பார்த்தபோது நான் சிரிக்கவில்லை, 'அட, இவரா!' என்றுதான் நினைத்தேன். இப்படிப்பட்டவரிடம் லீவு லெட்டர் நீட்டியவர்களுக்கு அது புரியும்.

இனி நான் சொல்ல வந்த விஷயம். இரண்டு பதிப்பிலும் ஒரு மேலாளர் வேஷம் கட்டிக்கொண்டிருக்கும் நாளில் ஒருவருக்கு வேலை போகிறது. உங்கள் கட்டுரையாளர் இதைத் தொடவே இல்லை.

அமெரிக்கப் பதிப்பில் அது ஹாலோவீன் நாள். மைக்கேல் தோளில் காகிதக்கூழில் செய்த இன்னொரு தலையை ஒட்டிக்கொண்டு வந்திருக்கிறான். மாதம் முடிவதற்குள் ஒருவரை நீக்கியாக வேண்டும். நாள் முழுக்கத் தள்ளிப்போடுகிறான், ஒருவரைக் கூப்பிட்டுச் சொல்கிறான், அவர் வாதாடியதும் மனசு மாறி இன்னொருவரைக் கூப்பிட்டுச் சொல்கிறான். வேலை போனவர் வெளியே போய் மைக்கேலின் காரில் பூசணிக்காயைப் போட்டு உடைக்கிறார். கேமரா அவர் பின்னால் போகவில்லை. மைக்கேலோடு அவன் வீட்டுக்குப் போகிறது. தனியாக உட்கார்ந்திருப்பவனின் கதவைக் குழந்தைகள் மிட்டாய் கேட்டுத் தட்டுகிறார்கள், அவன் முகம் மலர்கிறது. பார்க்கிற நமக்கும் மனசு லேசாகிவிடுகிறது. ஒருவருக்கு வேலை போய்விட்டது என்பதே மறந்துபோகிறது.

இங்கிலாந்தில் அது நன்கொடை திரட்டும் நாள். பிரென்ட் ஒரு பெரிய பறவையின் முதுகில் சவாரி செய்வதுபோல வேஷம் போட்டிருக்கிறார். பொய்க்கால் குதிரை ஆட்டத்தில் இடுப்பில் குதிரைக்கூடு மாட்டியிருப்பார்களே, அந்த மாதிரி. மேலதிகாரிகள் இரண்டு பேர் உள்ளே வந்து உங்களை ஆட்குறைப்பில் நீக்கிவிட்டோம் என்கிறார்கள். அவர் அந்தப் பறவையோடுதான் நிற்கிறார். அடுத்த எபிசோடில், தயவுசெய்து என்னை அனுப்பிவிடாதீர்கள் என்று கண்ணீரோடு கெஞ்சுகிறார். பின்னணி இசை கிடையாது, சிரிப்புச் சத்தம் கிடையாது. அதுவரை அவரைப் பார்த்துச் சிரித்ததற்கு நமக்கே கூச்சமாக இருக்கும்.

எனக்கு ஏன் இது இவ்வளவு ஒட்டிக்கொண்டது என்றால், எங்கள் கம்பெனியிலும் ஒரு மேலாளர் இருந்தார். மாதக் கூட்டத்தில் ஒரே ஜோக்கைத்தான் சொல்வார். எந்த இடத்தில் சிரிக்க வேண்டும் என்பது எங்களுக்கு மனப்பாடம். பெண்களைப் பற்றியும் இரண்டு சொல்வார், அதற்கும் சிரித்துத் தொலைப்போம். ஓர் ஆயுத பூஜை நாளில், பீரோவுக்கும் டைப்ரைட்டருக்கும் பொட்டு வைத்து, எல்லாருக்கும் தன் கையாலேயே பொரி கடலை கொடுத்துக்கொண்டிருந்தார். தலைமை அலுவலகத்திலிருந்து வந்திருந்தவர் அவரை உள்ளே கூப்பிட்டார். திரும்பி வரும்போது நெற்றியில் சந்தனம் அப்படியே இருந்தது, கையில் கொடுக்காமல் மிச்சமிருந்த ஒரு பொரிப் பொட்டலமும் ஒரு கவரும் இருந்தன. விருப்ப ஓய்வாம். யார் விருப்பம் என்று நாங்கள் கேட்கவில்லை. அவர் அந்தப் பொட்டலத்தை என் மேசையில் வைத்துவிட்டுப் போய்விட்டார். அவரும் எங்களைப் போலச் சம்பளக்காரர்தான் என்பது அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. இங்கிலாந்துப் பதிப்புக்கு அது முதல் எபிசோடிலிருந்தே தெரியும். அமெரிக்கப் பதிப்பில் மைக்கேல் கிட்டத்தட்ட குடும்பத் தலைவன். அசடு, ஆனால் நம் அசடு.

இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. வேலை போனால் நிஜத்தில் அதிகம் அடிபடுகிறவர் அமெரிக்கர்தான். அங்கே பலருக்கு மருத்துவக் காப்பீடே வேலையோடு ஒட்டியது. அமெரிக்கப் பதிப்பின் மூன்றாவது எபிசோடு முழுக்க அதுதான். மலிவான காப்பீட்டுத் திட்டத்தைத் தேர்ந்தெடுக்கும் கெட்ட பெயர் தனக்கு வேண்டாம் என்று மைக்கேல் அதைத் தன் கீழே வேலை பார்க்கும் டுவைட்டின் தலையில் கட்டிவிடுவான். டுவைட் இருந்த சலுகைகளையெல்லாம் வெட்டித் தள்ளுவான். அரசு மருத்துவச் சேவை உள்ள ஸ்லௌவில் இந்தக் கதையை எழுதவே முடியாது. அவ்வளவு பயம் உள்ள இடத்தில் மேலாளர் நல்லவராக இருந்தால் தேவலை என்று பார்ப்பவர்கள் நினைத்திருக்கலாம். இது என் ஊகம்தான்.

காதல் கதையிலும் இதே வித்தியாசம். இங்கிலாந்தில் டானைக் காதலிக்கும் சக ஊழியன் டிம், படப்பிடிப்புக்காகத் தன் சட்டையில் மாட்டியிருந்த மைக்கைக் கழற்றிவிட்டு டானைத் தனி அறைக்குக் கூட்டிப்போகிறான். கண்ணாடிக்குப் பின்னால் இரண்டு பேர் பேசுவது தெரிகிறது, ஒரு சொல்கூடக் கேட்கவில்லை. வெளியே வந்து மைக்கை மறுபடி மாட்டிக்கொண்டு, அவள் முடியாது என்றுவிட்டாள் என்று நம்மிடம் சொல்லிவிட்டு நாற்காலியில் உட்காருகிறான். அமெரிக்காவில் பாமைக் காதலிக்கும் ஜிம் வாயைத் திறந்து சொல்கிறான், அப்புறம் முத்தமும் கொடுக்கிறான். அதுவும் நன்றாகத்தான் இருக்கிறது, என் மகள் அந்தக் காட்சியை நிறுத்தி நிறுத்திப் பார்ப்பாள். எனக்கு மைக் கழற்றுவதுதான் பிடித்தது. ஆபீஸில் சொல்ல முடிந்ததைவிடச் சொல்லாமல் விட்டதுதானே அதிகம்.

அமெரிக்கப் பதிப்பை நான் மட்டம் தட்டுவதாக நினைக்க வேண்டாம். பாம் வரைந்த ஓவியங்களை வைத்த கண்காட்சிக்கு ஆபீஸிலிருந்து வருகிற ஒன்றிரண்டு பேரும் ஒப்புக்குப் பார்த்துவிட்டுப் போய்விடுவார்கள். கடைசியில் மைக்கேல் வந்து, தங்கள் கட்டடத்தை அவள் வரைந்திருப்பதைப் பார்த்து விலைக்குக் கேட்பான். அந்தக் காட்சிக்கு நிகராக இங்கிலாந்தில் எதுவும் இல்லை. ஊர் விஷயத்திலும் அப்படித்தான். ஸ்லௌவின் மீது குண்டு விழட்டும் என்று 1937-இலேயே ஜான் பெட்ஜமன் என்ற கவிஞர் பாடிவைத்தார். பிரென்ட் அந்தக் கவிதையைப் படித்துவிட்டுக் கவிஞருக்கே பதில் சொல்லும் இடம் ஒன்று உண்டு, தவறவிடாதீர்கள். ஸ்க்ரான்டனோ 2007-இல் தொடரின் ரசிகர்களை ஊருக்கே வரவழைத்து விழா எடுத்தது.

இன்னொன்றும் விட்டுப்போயிருக்கிறது, தமிழ்ப் பத்திரிகை விடலாமா? அமெரிக்கப் பதிப்பில் கெல்லி கபூராக நடித்த மிண்டி கேலிங் தொடக்கம் முதலே அதன் எழுத்தாளர் குழுவிலும் இருந்தவர். அந்தக் கேலிங், சொக்கலிங்கம் என்ற நம் ஊர்ப் பெயரின் ஒரு துண்டு. அப்பா தமிழர், அம்மா வங்காளி. மூன்றாவது சீசனின் தீபாவளி எபிசோடை எழுதியவர் அவர்தான், அதில் கெல்லியின் பெற்றோராக வருகிறவர்கள் அவருடைய சொந்த அப்பா அம்மா. சொக்கலிங்கம் மகளைக் கபூர் ஆக்கிவிட்டார்களே என்று எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான்.

கட்டுரையாளரிடம் ஒரே ஒரு வேண்டுகோள். இரண்டு எபிசோடில் நிறுத்தியவர் 2003-இன் அந்தக் கிறிஸ்துமஸ் பாகங்கள் வரை போய்ப் பார்க்கட்டும். வேலை போன பிரென்ட் பழைய ஆபீஸின் விருந்துக்கு வருகிறார், கடைசியில் ஒரு கூட்டத்தை உண்மையாகவே சிரிக்க வைக்கிறார். பதினான்கு எபிசோடில் அந்த ஒரு தடவைதான். என் மகள் அமெரிக்கப் பதிப்பை நான்காவது சுற்று ஓட்டிக்கொண்டிருக்கிறாள், சாப்பிடும்போதுகூட ஓடுகிறது. நான் இங்கிலாந்துப் பதிப்பை இரண்டு முறைதான் பார்த்தேன். இரண்டாவது முறை அந்தப் பறவை வேஷம் வந்ததும் தண்ணீர் குடிக்க எழுந்து போய்விட்டேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கணக்குப் பிரிவு ஊழியர், உங்கள் வாசகி,
திருச்சி.