டாக்டர் எத்தனை நாளைக்கு ஒரு தடவை வருவார் என்று கேட்பவர்களுக்கு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வயதானவர்களை நீண்டகாலப் பராமரிப்பு இல்லத்தில் சேர்க்க வரும் குடும்பத்தினர் முதலில் கேட்பது, "டாக்டர் எத்தனை நாளைக்கு ஒரு தடவை வருவார்?" என்பதைத்தான். கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் டாக்டர் வந்து போன பிறகு மிச்சமிருக்கும் நேரமெல்லாம் யார் பொறுப்பு என்று கேட்பவர்கள் மிகக் குறைவு. பல நாடுகளில் அந்தப் பொறுப்பு பிராக்டிகல் நர்ஸ் எனப்படுபவரிடம் இருக்கிறது. கலிபோர்னியாவிலும் டெக்சாசிலும் இவரையே வொகேஷனல் நர்ஸ் என்பார்கள். மேலே பராமரிப்புத் திட்டம் வகுக்கும் மூத்த நர்ஸ், கீழே குளிப்பாட்டி உடை மாற்றிவிடும் உதவியாளர்கள், இவர் நடுவில். மாத்திரை கொடுப்பவர், புண்ணுக்குக் கட்டுப் போடுபவர் என்று இவர் வேலையைச் சுருக்கிச் சொல்வது வழக்கமாகிவிட்டது. அந்தச் சுருக்கத்தில் முக்கியமான பாதி விட்டுப்போகிறது.

மருத்துவமனையில் நோயாளி சில நாட்கள் இருந்துவிட்டுப் போய்விடுவார். இல்லத்தில் வருடக்கணக்காக இருப்பார். அதனால் இங்கே நர்ஸின் கையில் இருக்கும் பெரிய கருவி, ஒருவர் நேற்று எப்படி இருந்தார் என்ற ஞாபகமும் அதை எழுதிவைத்த ஏடும்தான்.

காய்ச்சலையே எடுத்துக்கொள்ளுங்கள். வயதான பலருக்கு வழக்கமான உடல் வெப்பமே குறைவாக இருக்கும். கடுமையான தொற்றிலும் உடம்பு கொதிக்காது. வாயில் வைத்துப் பார்க்கும்போது ஒரு தடவை 37.8 டிகிரி செல்சியஸைத் தாண்டினாலே காய்ச்சல் என்று கொள்ள வேண்டும். அதை எட்டாவிட்டாலும், அவருடைய வழக்கத்தைவிட 1.1 டிகிரி கூடியிருந்தால் அதுவும் காய்ச்சல்தான். வழக்கம் எவ்வளவு என்று எழுதிவைக்காத இல்லத்தில் இந்த இரண்டாவது விதியால் ஒரு பயனும் இல்லை. மூச்சும் அப்படியே. நிமிடத்துக்கு 25 அல்லது அதற்கு மேல் என்றால் நுரையீரல் தொற்றைச் சந்தேகிக்க வேண்டும். முழு ஒரு நிமிடம் எண்ண வேண்டும். 15 விநாடி எண்ணி நான்கால் பெருக்குகிறவர் ஒரு மூச்சைத் தவறவிட்டால் கணக்கில் நான்கு போய்விடும். எண்ணுகிறோம் என்று அவருக்குத் தெரிந்தால் மூச்சே மாறிவிடும் என்பதால், நாடி பார்ப்பதுபோல மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டே எண்ணுவது நல்லது.

திடீர்க் குழப்பம் இன்னொன்று. நேற்றுவரை பேரன் பெயரைச் சரியாகச் சொன்னவர் இன்று ஆளையே அடையாளம் தெரியாமல் விழித்தால், "வயசாச்சு" என்று விட்டுவிடக் கூடாது. மூத்திரம் வராமல் அடைத்திருக்கிறதா, மலம் கட்டியிருக்கிறதா, எங்காவது வலிக்கிறதா, தண்ணீர் குடித்தாரா, சுகர் எவ்வளவு, இந்த வாரம் புது மாத்திரை ஏதும் ஆரம்பித்தார்களா என்று வரிசையாகப் பார்க்க வேண்டும். கூடவே மூக்குக்கண்ணாடியும் காது கருவியும் இருக்க வேண்டிய இடத்தில் இருக்கின்றனவா என்றும். குழப்பம் எப்போதும் கூச்சலாக வருவதில்லை. வழக்கத்தைவிட அமைதியாகத் தூங்கிக்கொண்டே இருப்பதும் அதன் வடிவம்தான். அதைத்தான் அதிகம் தவறவிடுகிறோம், ஏனென்றால் அமைதியாக இருப்பவரால் யாருக்கும் தொந்தரவில்லை. இதற்கு நேர் எதிரான தவறும் உண்டு: யூரின் கலங்கலாக இருக்கிறது என்பதற்காகவே பரிசோதனைக்கு அனுப்பி ஆன்டிபயாடிக் தொடங்குவது. இல்லத்தில் வசிக்கும் பலருக்கு எந்த அறிகுறியும் இல்லாமலே யூரினில் கிருமி இருக்கும். அதற்கு மருந்து தேவையில்லை.

படுக்கைப் புண் விஷயத்தில் "2 மணி நேரத்துக்கு ஒரு தடவை திருப்பிப் போட்டோம்" என்று கையெழுத்து போட்டுவிட்டால் கடமை முடிந்தது என்ற எண்ணம் இருக்கிறது. திருப்பும் விதம் தவறாக இருந்தால் திருப்பியும் பயனில்லை. முழுக்க ஒருக்களித்துப் படுக்கவைத்தால் உடம்பின் பாரம் முழுவதும் தொடை எலும்பின் மேல்முனையில் இறங்கும். முதுகுக்குத் தலையணை கொடுத்து 30 டிகிரி சாய்வில் நிறுத்த வேண்டும். சாப்பாட்டு நேரம் தவிர மற்ற நேரத்தில் கட்டிலின் தலைமாட்டை 30 டிகிரிக்கு மேல் உயர்த்தினால் ஆள் மெல்ல வழுக்கி இறங்குவார். தோல் விரிப்போடு ஒட்டி நிற்கும், உள்ளே எலும்பு மட்டும் நகரும். நடுவில் இருக்கும் ரத்தக் குழாய்கள் இழுபட்டு நசுங்கும். மேலே ஒன்றும் தெரியாமல் உள்ளே புண் தொடங்குவது இப்படித்தான். குதிகால் படுக்கையில் படவே கூடாது. தலையணையைக் கெண்டைக்காலின் கீழ் நீளவாக்கில் வைத்தால் குதிகால் அந்தரத்தில் நிற்கும். வளைய வடிவ மெத்தை வேண்டாம். நடுவில் அழுத்தம் குறைந்தாலும் வளையத்தின் விளிம்பு சுற்றிலும் ரத்த ஓட்டத்தைத் தடுக்கும். சிவந்த இடத்தைத் தேய்த்துவிடுவதும் கெடுதல். நாற்காலியில் தொடர்ந்து 3 மணி நேரம் உட்காரவைப்பது படுக்கையிலிருந்து கிடைத்த ஓய்வு ஆகாது. புட்டத்தின் மேல் அழுத்தம் அங்கேதான் அதிகம்.

சிவந்த இடத்தை விரலால் அழுத்தி எடுத்தால் ஒரு கணம் வெளுத்துப் பிறகு சிவக்க வேண்டும். வெளுக்கவே இல்லையென்றால் அது முதல் நிலைப் புண். கருத்த தோலில் சிவப்பு கண்ணுக்குத் தெரியாது. சுற்றியிருக்கும் தோலைவிடச் சூடாக இருக்கிறதா, கெட்டிப்பட்டிருக்கிறதா, தொட்டால் முகம் சுளிக்கிறாரா என்று கையால்தான் பார்க்க வேண்டும். பாடப் புத்தகப் படங்களில் வெள்ளை நிறத் தோலை மட்டும் பார்த்துப் பழகியவர்கள் சறுக்கும் இடம் இது. படுக்கைப் புண் வரும் ஆபத்தைக் கணிக்க 1987-இல் வெளிவந்த பிரேடன் அளவுகோல் உணர்வு, ஈரம், நடமாட்டம், நகரும் திறன், உணவு, உராய்வு என 6 விஷயங்களுக்கு மதிப்பெண் தரும். மொத்தம் 18 அல்லது அதற்குக் கீழே வந்தால் ஆபத்து உண்டு. ஆனால் சேர்ந்த அன்று போட்ட மதிப்பெண் ஆறு மாதம் கழித்தும் கோப்பில் அப்படியே இருந்தால் அது வெறும் காகிதம்.

அறை அறையாகப் போய் மருந்து கொடுக்கும் மருந்து சுற்று பற்றி நிறைய எழுதலாம். மாத்திரையை விழுங்க முடியாதவருக்கு நசுக்கிக் கொடுப்பது பழக்கமாகிவிட்டது. மெதுவாகக் கரையும்படி செய்யப்பட்ட மாத்திரையை நசுக்கினால் நாள் முழுவதற்கான மருந்து ஒரே நேரத்தில் ரத்தத்தில் இறங்கும். குடலில் கரைவதற்காக மேலே பூச்சு போட்ட மாத்திரை வயிற்றிலேயே கரைந்துவிடும். நசுக்குவதற்கு முன் மருந்தாளுநரைக் கேட்க வேண்டும், திரவ வடிவம் இருக்கிறதா என்று. பார்க்கின்சன் நோய்க்கான லெவோடோபா அரை மணி தாமதமானாலும் சிலருக்கு உடம்பு விறைத்துவிடும். விறைத்த நிலையில் சாப்பாடு ஊட்டினால் புரையேறும். மருந்து சுற்றின் வரிசையில் அவருடைய அறை கடைசி என்பது அதற்குக் காரணமாக இருக்கக் கூடாது. எலும்புத் தேய்வுக்கான அலென்ட்ரோனேட்டை வெறும் வயிற்றில் ஒரு டம்ளர் தண்ணீருடன் கொடுத்து 30 நிமிடம் நிமிர்த்தி உட்காரவைக்க வேண்டும், இல்லாவிட்டால் உணவுக்குழாய் புண்ணாகும். தைராய்டு மாத்திரைக்கும் கால்சியம், இரும்புச்சத்து மாத்திரைகளுக்கும் 4 மணி நேர இடைவெளி வேண்டும். தோல் வழியாக மருந்து இறங்கும் பட்டையை ஒட்டும்போது பழையதைத் தேடி எடுத்துவிட்டுத்தான் புதியதை ஒட்ட வேண்டும். முதுகில் மறந்துபோன பழைய பட்டை இரட்டை அளவு ஆகிவிடும். கடும் வலிக்கான ஃபென்டனில் பட்டை இருக்கும் இடத்தில் வெந்நீர்ப் பை வைத்தால் மருந்து வேகமாக உள்ளே போகும். வேகமாக வேலை செய்யும் இன்சுலினைப் போடுவதற்கு முன் சாப்பாடு வந்துவிட்டதா, அவர் சாப்பிடும் மனநிலையில் இருக்கிறாரா என்று பார்க்க வேண்டும். சுகர் 70-க்குக் கீழே போனால் 15 கிராம் சர்க்கரை, 15 நிமிடம் கழித்து மறுபடி சோதனை. அரைமயக்கத்தில் இருப்பவருக்கு வாயில் எதையும் ஊற்றக் கூடாது.

இதையெல்லாம் விதியாகப் படித்துவிடலாம். படிப்பில் வராதது சங்கிலி. ரத்த அழுத்தத்துக்கு அம்லோடிபின் தொடங்குகிறார்கள். சில வாரத்தில் கணுக்கால் வீங்குகிறது. வீக்கத்துக்கு நீர் பிரியும் மாத்திரை சேர்கிறது. அவர் இரவில் நான்கு தடவை எழுந்து கழிவறைக்குப் போகிறார். ஒரு தடவை விழுகிறார். ஒவ்வொரு டாக்டரும் தன் முன்னால் இருந்த பிரச்சினைக்குச் சரியாகத்தான் எழுதியிருப்பார். மூன்று தேதிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும் வாய்ப்பு தினமும் அவரைப் பார்க்கும் நர்ஸுக்குத்தான் இருக்கிறது. மருந்தை மாற்றும் அதிகாரம் அவருக்கு இல்லை. ஆனால் டாக்டரை அழைத்து, எந்தத் தேதியில் எது தொடங்கியது, அதன் பிறகு என்ன கண்டேன் என்று சொல்ல முடியும்.

விழுந்தவரை உடனே தூக்கி உட்காரவைப்பது எல்லோருக்கும் கை துடிக்கும் காரியம். தூக்கக் கூடாது. தலை, கழுத்து, இடுப்பு பார்த்த பிறகுதான். ஒரு கால் குட்டையாகி வெளிப்பக்கம் திரும்பியிருந்தால் இடுப்பெலும்பு முறிவாக இருக்கலாம். ரத்தம் உறையாமல் இருக்க மருந்து எடுப்பவர் தலையில் அடிபட்டிருந்தால், நன்றாகப் பேசினாலும் டாக்டருக்கு அப்போதே சொல்லிவிட வேண்டும். பிறகு, 5 நிமிடம் படுத்த நிலையில் ஒரு தடவை, எழுந்து நின்று 1 நிமிடத்திலும் 3 நிமிடத்திலும் ரத்த அழுத்தம் பார்ப்பது. மேல் அளவு 20 அல்லது கீழ் அளவு 10 குறைந்தால் விழுந்ததன் காரணம் கிடைத்திருக்கலாம். கட்டிலுக்குப் பக்கக் கம்பி போடச் சொல்லிக் குடும்பத்தினர் வற்புறுத்துவார்கள். குழப்பத்தில் இருப்பவர் கம்பியின் மேல் ஏறி இன்னும் உயரத்திலிருந்து விழுவார், அல்லது கம்பிக்கும் மெத்தைக்கும் இடையில் சிக்குவார். கட்டிலைத் தாழ்த்துவதே மேல்.

ஊட்டும்போது நிமிர்ந்த நிலை, முகவாய் சற்றுத் தாழ்ந்து, முடிந்த பிறகு அரை மணி நேரம் படுக்காமல். இவை தெரிந்தவைதான். புரையேறினால் இருமல் வரும் என்ற நம்பிக்கைதான் ஆபத்து. பலருக்கு இருமலே வராது, சாப்பிட்ட பிறகு குரல் ஈரமாகக் கரகரக்கும், அவ்வளவுதான். விழுங்கச் சிரமப்படுபவருக்காகக் கெட்டிப்படுத்திய பானத்தைக் கண்ணளவில் கலக்கக் கூடாது. 10 மி.லி. சிரிஞ்சில் நிரப்பி 10 விநாடி வழியவிட்டுப் பார்த்தால், 4 முதல் 8 மி.லி. வரை மிஞ்சினால் பானத்தின் கெட்டித்தன்மைக்கான சர்வதேச அளவுகோலின்படி 2-ஆம் நிலை, 1 முதல் 4 வரை என்றால் 1-ஆம் நிலை. பொடி ஊறும்வரை பொறுக்காமல் இன்னும் ஒரு கரண்டி சேர்ப்பதால்தான் பானம் களியாகிறது, களியானதை அவர் குடிப்பதில்லை, நீர்ச்சத்து குறைகிறது. படுக்கப் போகுமுன் பல் செட்டைக் கழற்றி வாயைச் சுத்தம் செய்வது அழகுக்காக அல்ல. வாயில் இருக்கும் கிருமிதான் எச்சிலோடு நுரையீரலுக்குப் போகிறது.

மூன்று நாளாக மலம் போகாதவருக்குத் திடீரென்று தண்ணீராகப் போனால் அது பேதியாக இல்லாமல் இருக்கலாம். கட்டிய மலத்தைச் சுற்றிக் கசிவதும் அப்படித்தான் தெரியும். பேதியை நிறுத்தும் மருந்து கொடுத்தால் நிலைமை மோசமாகும்.

டிமென்ஷியா முற்றியவர் வலிக்கிறது என்று சொல்லமாட்டார்; குளிப்பாட்டும்போது அடிப்பார். அவரை "முரடர்" என்று எழுதிவிட்டுத் தூக்க மருந்து கேட்பதற்கு முன், மூச்சு, முனகல், முகம், உடல் அசைவு, ஆறுதலுக்கு அடங்குகிறாரா என்ற ஐந்தையும் பார்த்து வலிக்கு 10-க்கு மதிப்பெண் போடும் அளவுகோல் ஒன்று 2003 முதல் இருக்கிறது. மூட்டு வலிக்கு மாத்திரை கொடுத்து அரை மணி கழித்துக் குளிக்கக் கூட்டிப்போனால் சண்டை பாதி குறைவதும் உண்டு.

இதெல்லாம் நடக்க வேண்டுமானால் நிர்வாகம் செய்ய வேண்டியவை இரண்டு. ஒன்று, நர்ஸை வாரத்துக்கு ஒரு மாடி என்று சுற்றிவிடாமல் அதே ஆட்களிடம் தொடர்ந்து வைப்பது. எல்லோரும் எல்லா இடமும் பழக வேண்டும் என்று காரணம் சொல்வார்கள். கால அட்டவணை போடுபவருக்கு அது வசதி. புதிதாக வந்தவருக்கோ இன்றைய வீக்கம் பழையதா புதியதா என்று தெரியாது. இரண்டாவது, டூட்டி மாறும்போது இரண்டு ஷிப்ட்காரர்களும் சேர்ந்து இருக்கும் 15 நிமிடத்தைச் சம்பளக் கணக்கில் சேர்ப்பது. அதை மிச்சம் பிடிக்கிற இல்லத்தில் ஏட்டில் இருப்பது "நன்றாக இருந்தார், சாப்பிட்டார்" என்ற ஒரே வரி. அதைப் படித்து அடுத்தவர் எதையும் ஒப்பிட முடியாது. "பாதித் தட்டு, 600 மி.லி. பானம், இடது குதிகாலில் வெளுக்காத சிவப்பு 2 செ.மீ., தலையணை வைத்தது" என்று எழுத அதைவிட ஒரு நிமிடம்தான் கூடுதல். மருந்து வண்டியோடு நிற்கும் நர்ஸைத் தொலைபேசி எடுக்கவும் வருகையாளருக்கு வழிகாட்டவும் அழைப்பதையும் நிறுத்தலாம். தவறான ஆளுக்குத் தவறான மாத்திரை போவதற்கு இடையூறு ஒரு பழைய காரணம்.

குடும்பத்தினருக்கு ஒரு கேள்வி தருகிறேன். இல்லத்தைப் பார்க்கப் போகும்போது, அங்கே ஏற்கெனவே இருப்பவர்களின் எடையை எவ்வளவு நாளுக்கு ஒரு தடவை பார்க்கிறீர்கள், குறைந்தால் என்ன செய்வீர்கள் என்று நர்ஸிடமே கேளுங்கள். மாதம் ஒரு தடவை, அதே தராசு, அதே நேரம்; ஒரு மாதத்தில் 5 சதவீதமோ ஆறு மாதத்தில் 10 சதவீதமோ குறைந்தால் டாக்டருக்கும் உணவு நிபுணருக்கும் சொல்வோம்; இதயம் பலவீனமானவர்களைத் தினமும் காலையில் எடை போட்டுப் பார்ப்போம், அவர்களுக்கு ஒரு வாரத்தில் 2 கிலோ ஏறினால் அது சதை இல்லை, நீர் என்று அவர் யோசிக்காமல் பதில் சொன்னால் அடுத்த கேள்விக்குப் போகலாம். "மேனேஜரைக் கேளுங்கள்" என்று அனுப்பினால், தராசு எந்த அறையில் இருக்கிறது என்று மட்டும் கேட்டுப் பாருங்கள்.

இப்படிக்கு,
நீண்டகாலப் பராமரிப்பில் பணிபுரியும் நர்ஸ் ஒருவர்