அண்ணாவுக்கு, ஜான்சன் விஷயமாக

அண்ணா,

குத்துச்சண்டையில் முதல் கறுப்பு ஹெவிவெயிட் உலக சாம்பியன் ஜாக் ஜான்சனைப் பற்றிய புத்தகத்தை நான் எழுதப் போவதில்லை. போனில் சொன்னால் சண்டையாகும், அதனால்தான் இங்கே. நாலு பேர் படிக்கிற இடம், வீட்டு விஷயம் எதையும் இழுக்க மாட்டேன்.

ரீனோவில் அவர் ஜெஃப்ரீஸை ஜெயித்தது, ஹவானாவில் பட்டத்தைத் தோற்றது எல்லாம் உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. எனக்கு மறக்காதது சிட்னி படம்தான். 1908, 14-ஆவது ரவுண்டு. அப்போதைய சாம்பியன் டாமி பர்ன்ஸ் தள்ளாடுகிறார், போலீஸ் உள்ளே வருகிறது, கேமராவை நிறுத்திவிடுகிறார்கள். வெள்ளைக்காரன் விழுவதை உலகம் பார்க்கக் கூடாதாம். படம் அங்கே அறுந்ததும் நீங்கள் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு எழுந்தீர்கள். "மீதிய நான் காட்டுறேன்டா" என்று, இல்லாத பர்ன்ஸின் புஜத்தை இடது கையால் அமுக்கிப் பிடித்து, ஜான்சன் மாதிரியே இளித்துக்கொண்டு வலது கையை விட்டீர்கள். தண்ணீர்ச் சொம்பு உருண்டது. அண்ணி எட்டிப் பார்த்து, "தொடைக்கிறது யாரு, ஜான்சனா?" என்றார். அந்த ராத்திரி இல்லையென்றால் எனக்குக் குத்துச்சண்டையே கிடையாது.

ஆனால் இன்னொரு கறுப்பு வீரர் சாம் லாங்ஃபோர்டு பெயரை எடுத்தால் மட்டும் உங்களுக்கு டீ குடிக்கப் போக வேண்டியிருக்கும். 1906-இல் அமெரிக்காவின் செல்சியில் ஜான்சன் அவரை 15 ரவுண்டு ஆடி ஜெயித்தார், சரி. அப்போது லாங்ஃபோர்டு எடையிலும் உயரத்திலும் பொடியன். அவர் உடம்பு ஏறி நின்றபோது பட்டம் ஜான்சன் கையில். ஆறு வருஷத்துக்கு மேல் வைத்திருந்தும் ஒரு தடவைகூட லாங்ஃபோர்டைப் பட்டத்துக்கு மோதக் கூப்பிடவில்லை. இரண்டு கறுப்பர் மோதினால் டிக்கெட் விற்காது என்பீர்கள். அப்படியென்றால் 1913-இல் பாரிஸில் பேட்லிங் ஜிம் ஜான்சன் என்ற கறுப்பரோடு ஏன் மோதினார்? நிறத்தைக் காட்டித் தன்னை வருஷக்கணக்கில் வெளியே நிறுத்தியவர்கள் செய்ததைத்தானே அவரும் செய்தார்?

1944-இல் நியூயார்க்கின் ஹார்லெமில், பார்வை போய், கையில் காசில்லாமல் ஓர் அறையில் கிடந்த லாங்ஃபோர்டை அல் லேனி என்ற பத்திரிகையாளர் தேடிக் கண்டுபிடித்தார். நான் எழுதப் போவது லாங்ஃபோர்டைப் பற்றித்தான்.

கோபித்துக்கொள்ளாதீர்கள். வெள்ளைக்காரப் பெண்ணை மாநிலம் விட்டு மாநிலம் கூட்டிப் போனார் என்று, வெள்ளையர் மட்டுமே உட்கார்ந்திருந்த ஜூரி ஜான்சனைக் குற்றவாளி ஆக்கியது அநியாயம்தான். 2018-இல் அவருக்கு அமெரிக்க அரசு மன்னிப்பு வந்தபோது நீங்கள் வாங்கி வந்த மைசூர்பாகை நானும்தான் தின்றேன். ஆனால் அவர் மனைவி எட்டா அவரிடம் அடி வாங்கியதைப் பற்றிக் கேட்டதற்கு "அதெல்லாம் எதுக்குடா" என்றீர்களே, அது எனக்கு இன்னும் ஆறவில்லை. இங்கே இதற்கு மேல் வேண்டாம்.

உங்கள் குறிப்பு நோட்டுகள் என்னிடம்தான் இருக்கின்றன. அனுப்பவா வேண்டாமா என்று அண்ணியிடமாவது சொல்லிவிடுங்கள்.